‘வாங்கு’ பொத்தானை அழுத்தும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாலு ஓடிடி சந்தா இருக்கிறது. ஒரு படம் எதில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது.

பதில்: எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து, சந்தா கட்டிய தளங்களை மட்டும் டிக் செய்யுங்கள். பார்க்க நினைக்கும் படங்களை அங்கேயே வாட்ச்லிஸ்டில் போட்டுவிட்டால், எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். சந்தா, வாடகை, விலைக்கு என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். தளத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் புதிதாகச் சந்தா கட்டினால், அங்கே போனபின் அந்தப் படத்துக்கு வாடகையும் கேட்கலாம். உங்கள் வாட்ச்லிஸ்டில் ஒரு படம்கூட இல்லாத தளத்தை இந்த மாதமே நிறுத்துங்கள்.

கேள்வி: இலவச சோதனைக் காலத்திலேயே செயலியை நீக்கிவிட்டேன். ஆனாலும் ஏழு மாதமாகப் பணம் பிடிக்கிறார்கள்!

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயும், இல்லாவிட்டால் தளத்தின் கணக்குப் பக்கத்திலும் போய் ரத்து செய்யுங்கள். ஏழு மாத ஸ்டேட்மென்ட்டில் ஒன்றையாவது பார்த்திருக்க வேண்டாமா?

கேள்வி: முழு விலை கொடுத்து வாங்கிய இரண்டு படங்கள் என் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டன. இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. பல வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொத்தானில் ‘வாங்கு’ என்று இருக்கும். கையில் வருவது பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் படமும் போகலாம். வாங்கிய படங்களை இணையத்தில் சேர்த்து வைக்க உதவிய அல்ட்ராவயலட் என்ற டிஜிட்டல் லாக்கர் 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. ப்ளேஸ்டேஷன் கடையில் ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்கள் வாங்கிய ஸ்டுடியோகனால் என்ற நிறுவனத்தின் படங்கள் 2022 ஆகஸ்டில் நீக்கப்பட்டன. விற்பது உரிமம்தான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே வந்திருக்கிறது. செயலிக்குள் டவுன்லோடு செய்து வைத்தாலும் பயனில்லை, அந்தக் கோப்பு அந்தச் செயலியில்தான் ஓடும்.

ரசீது மின்னஞ்சலை இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். இனி உங்கள் படப் பட்டியலில் ‘எந்த வடிவில்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து டிஸ்க், சொந்தக் கோப்பு, உரிமம், சந்தா என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் பார்க்கும் படமென்றால் ப்ளூ-ரே டிஸ்க்காக வாங்குங்கள்.

கேள்வி: பார்த்த படங்களைக் குறித்துவைக்க வாழ்நாள் சந்தா கட்டினேன். செயலியையே மூடிவிட்டார்கள். ஆறு வருடப் பட்டியல் போச்சு.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் இப்படி ஒரு செயலிக்குக் காசு கட்டி, பட்டியலை இழந்திருக்கிறேன். அதன்பிறகு பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் எதற்கும் பணம் கட்டுவதில்லை. பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் செட்டிங்ஸுக்குள் டேட்டா பகுதியில் அது இருக்கிறது: பார்த்தவை, மதிப்பீடு, டைரி, வாட்ச்லிஸ்ட் எல்லாம் சிஎஸ்வி (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணை) கோப்புகளாக வரும். படத்தின் பெயரும் வருடமும் இருக்கும், ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம் ஒவ்வொரு படத்துக்கும் தரும் தனி எண் இருக்காது. ஐஎம்டிபி தளத்திலேயே பட்டியல் வைத்தால் அந்த எண்ணும் சேர்ந்து வரும். வேறு செயலிக்கு மாறும்போது படங்கள் குழம்பாமல் இருக்க அதுதான் உதவும். மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

கேள்வி: சொந்தப் படக் கோப்புகளை அடுக்கிப் பார்க்கும் ஜெல்லிஃபின் மென்பொருளில் பழைய படத்துக்குப் புதிய படத்தின் போஸ்டர் வருகிறது.

பதில்: ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருக்கும், ஆனால் உங்கள் கோப்பின் பெயரில் வருடம் இல்லை. ‘பில்லா (1980)’, ‘பில்லா (2007)’ என்று ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்து, மெட்டாடேட்டாவை (போஸ்டர் உள்ளிட்ட படத் தகவல்களை) புதுப்பியுங்கள்.

கேள்வி: படங்களைச் சேர்த்து வைக்க மலிவாக 16 டிபி (டெராபைட்) எஸ்எஸ்டி சேமிப்பகம் வாங்கினேன். காப்பி ஆகிறது, ஆனால் பாதிப் படங்கள் திறக்கவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் பெரும்பாலும் சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். 16 டிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும்படி ஃபர்ம்வேரை (அதை இயக்கும் உள்மென்பொருளை) மாற்றிவிடுகிறார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் புதிய தகவல் பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் பதியாமலே போகும். பெயர் மட்டும் தெரிவதால்தான் காப்பி ஆனது போலத் தோன்றுகிறது. திறக்காத படங்களை அதிலிருந்து மீட்க முடியாது. மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். திறக்கிற படங்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பிழை காட்டும் திரையைப் படமெடுத்து விற்றவருக்கும், கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் இன்றே அனுப்புங்கள். புகார் கொடுப்பதற்குக் கெடு உண்டு.