பராமரிப்பு, நீதி, சட்டம் பற்றிய ஆய்வு நூல்களை எங்கிருந்து தொடங்கலாம்?

வெளிவந்த ஆண்டு வரிசையில் போகாதீர்கள். அப்படிப் போனால் ஜான் ரால்ஸின் 'எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்' (1971) முதலில் வரும். பலருடைய வாசிப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஜோன் ட்ரான்டோவின் 'மாரல் பவுண்டரிஸ்' (1993) நூலில், பராமரிப்பை வரையறுக்கும் அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள். பராமரிப்பை அவர் நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்: தேவையைக் கவனிப்பது, பொறுப்பேற்பது, கையால் செய்வது, பெறுபவருக்கு அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. 'அம்மாவை யார் பார்த்துக்கறாங்க?' என்று கேட்டால், மாதாமாதம் பணம் அனுப்பும் மகனும் பதிலாகலாம், குளிப்பாட்டி விடும் மருமகளும் பதிலாகலாம். தமிழில் இரண்டும் ஒரே சொல்தான். அதனால் இந்தப் பிரிவினை நமக்குக் கூடுதலாகவே உதவும்.

படித்ததும் ஒரு சட்டத்தில் பொருத்திப் பாருங்கள். இந்தியாவின் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுங்கள். 2-ஆம் பிரிவில் பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம். தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய உச்சத்தொகையை 9-ஆம் பிரிவு மாதம் 10,000 ரூபாயில் நிறுத்துகிறது. 'பிள்ளைகள்' என்பதில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. அதாவது சட்டம் பிடிப்பது இரண்டாம் கட்டத்தை மட்டும். கையால் செய்பவர் அதில் தென்படவே மாட்டார்.

அடுத்து கேரல் கில்லிகனின் 'இன் எ டிஃபரன்ட் வாய்ஸ்' (1982). சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்ற கேள்விக்கு ஜேக், ஏமி என்ற இரண்டு பதினொரு வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதில்களை நிதானமாகப் படியுங்கள். திருடலாம் என்கிறான் ஜேக். பணத்தைவிட உயிர் பெரிது என்பது அவன் கணக்கு. கடன் வாங்கலாம், பேசிப் பார்க்கலாம், அவன் ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் கவனிப்பது என்று போகிறது ஏமியின் பதில். அற வளர்ச்சியை அளக்க உளவியலாளர்கள் வைத்திருந்த பழைய அளவுகோலில் ஏமிக்குத்தான் மதிப்பெண் குறைவு. 'பெண்கள் இயல்பிலேயே பராமரிப்பவர்கள்' என்று இந்த நூல் சொல்வதாக எழுதுவதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. தலைப்பில் வரும் 'வேறொரு குரலை' அடையாளப்படுத்துவது பால் அல்ல, கருப்பொருள் என்று முன்னுரையிலேயே இருக்கிறது. முன்னுரையைத் தாண்டிப் போவதால் வரும் வினை.

ரால்ஸுக்கு இப்போது வரலாம். 22 முதல் 24 வரையுள்ள பிரிவுகள் போதும். 1999 திருத்தப் பதிப்பில் பக்க எண்கள் மாறிவிட்டதால் பிரிவு எண்ணையே மேற்கோளில் கொடுங்கள். சமூகத்தின் நீதி விதிகளை முடிவு செய்பவர்களாக ரால்ஸ் கற்பனை செய்யும் ஆட்களைக் குடும்பத் தலைவர்களாக எண்ணலாம் என்று 1971 பதிப்பில் போகிறபோக்கில் ஒரு வரி வரும். அதைத்தான் பெண்ணியச் சிந்தனையாளர் சூசன் மோலர் ஓகின் 1989-இல் பிடித்துக்கொண்டார்: வீட்டுக்குள் இருக்கும் அநீதியை யார் விசாரிப்பது?

ஈவா கிட்டேயின் 'லவ்ஸ் லேபர்' (1999) கடைசியில். பராமரிப்பவரை யார் பராமரிப்பது என்று அவர் கேட்பது, 2007 சட்டத்தை மறுபடி ஒருமுறை எடுக்க வைக்கும்.