ஆய்வு மாணவர்களின் ஒன்றுகூடல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிழக்கிலங்கையில் திருக்கோவில் பக்கத்தில் ஆசிரியையாக இருந்துகொண்டே முதுதத்துவமாணிப் (எம்.ஃபில்) பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி என்னைத் தலைவியாக்கினார்கள். மண்டபம் எடுத்து, பிரதம விருந்தினரை அழைத்து, விளக்கேற்றி, கலை நிகழ்ச்சிகளோடு முதல் ஒன்றுகூடலை நடத்தினோம். வந்தவர்களில் பாதிப்பேர் விரிவுரையாளர்கள். மாணவர்கள் சாப்பாட்டுப் பொதியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் படிவங்களும் இரங்கல் செய்திகளும் தவிர வேறொன்றும் வருவதில்லை. வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு இதெல்லாம் தேவைதானா? பொறுப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயரும் பல்கலைக்கழகமும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள தங்கைக்கு,

தேவைதான். 2018இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டப்பின்படிப்பு மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் இவர்களிடம் காணப்பட்டன. தாமாக முன்வந்தவர்கள் மட்டுமே பதில் சொன்ன ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆய்வு செய்பவர் எவ்வளவு தனித்துப்போகிறார் என்பது உங்களுக்கே தெரியும். பாடசாலையில் சக ஆசிரியர்களுக்கு உங்கள் மூன்றாம் அத்தியாயம் ஏன் நகரவில்லை என்று புரியாது. வீட்டிலோ, ‘இன்னும் முடியல்லையா?’ என்ற கேள்விதான் வரும்.

இளமாணி (முதல் பட்ட) மாணவர்களுக்கு விடுதி இருக்கிறது, ஒரே வருடத்தில் சேர்ந்த கூட்டம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை. போதாதற்கு நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் ஓரிடத்தில் இருப்பவையும் அல்ல. கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்க, அதன் மருத்துவ பீடம் வேறோர் இடத்திலும் சுவாமி விபுலானந்தர் பெயரிலான கலை நிறுவனம் கல்லடியிலும் இருக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் என்றால் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். கிழமை நாட்களில் பாடசாலை அல்லது பிரதேச செயலகம், சனி ஞாயிறில் வகுப்பு, அப்புறம் நீண்ட பஸ் பயணம். இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டிய பெண்கள் உங்களில் எத்தனை பேர்! அன்று பஸ்ஸுக்கு ஓடியவர்களுக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அந்த விழாவில் அவர்களுக்குச் செய்ய எதுவுமே இருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. ஒரே முறையியலோடு மல்லுக்கட்டும் இரண்டு பேர் அடுத்தடுத்த கதிரையில் இருந்திருந்தாலும் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

எனவே தனியாக இன்னொரு நாளைக் கேட்காதீர்கள். எப்படியும் வகுப்புக்கு வரும் சனிக்கிழமையின் மதிய நேரத்தை எடுங்கள். மாதத்தில் ஒன்று, எப்போதும் மாதத்தின் அதே வாரம், அதே இடம். கன்ரீனின் ஒரு மூலை போதும். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தாங்கள் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பக்கத்தைக் கொண்டுவரட்டும். முடிந்த அத்தியாயம் வேண்டாம், முடியாததுதான் வேண்டும். ஒருவருக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பழைய கோப்பைப் பார்க்க யாரிடம் கேட்கவேண்டும் என்று தெரியும். இன்னொருவர் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியை இரண்டாம் தடவை எழுதி வாங்கியவராக இருப்பார். பக்கத்தில் இருந்து சாப்பிடும்போதுதான் இந்த அறிவு கைமாறும். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளுக்குப் போகிறார்கள். படித்து முடித்து ஆசிரியரானதும் அதே மாதிரிப் பாடசாலைக்கே திரும்புகிறார்கள். போர்க்காலத்தில், 1990இல் இரு சமூகங்களுக்கும் நேர்ந்த வன்முறையை மறக்காத குடும்பங்கள் இரு பக்கமும் உண்டு. ஏறாவூர்க்காரரும் செங்கலடிக்காரரும், அக்கரைப்பற்றாரும் திருக்கோவிலாரும் வயது வந்தபின் ஒரே அறையில் பல மாதம் சேர்ந்திருக்க இந்த வகுப்பைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் சாப்பாட்டை யோசித்து வையுங்கள். எல்லோரும் சந்தேகமில்லாமல் கைவைக்கக்கூடியதாக இருக்கட்டும்: சோறு, மரக்கறி, கடைசியில் நம்மூர் எருமைத் தயிர். ரமழானில் மதியச் சந்திப்பை விட்டுவிட்டு ஒரு நாள் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். இது சலுகையல்ல, விருந்தோம்பல்.

தலைமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்புக் கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிக் குலத்துக்கும், ஒரு நாள் திருவிழா என்று பிரித்திருப்பார்கள் அல்லவா? அன்றைய செலவும் உழைப்பும் பெருமையும் அந்தக் குடிக்கே. குடிகளுக்கிடையே முன்னுரிமைச் சண்டை வருவதும் உண்டு, அதை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றபடி அந்த முறை உங்களுக்குப் பொருந்தும். ஒரு மாதம் கல்வியியல் மாணவர்கள், அடுத்த மாதம் விவசாயம், அதற்கடுத்து முகாமைத்துவம். தலைவிக்கு மிஞ்சும் வேலை ஒன்று: இரண்டு மாதமாக வராதவர் யார் என்று கவனித்து, குழுவில் எழுதாமல், நேரே தொலைபேசியில் கூப்பிடுவது. ஆய்வைக் கைவிடப் போகிறவர் முதலில் மௌனமாகிறார். அந்த நேரத்தில் ஓர் அழைப்பு வந்தால் அவர் திரும்பி வரக்கூடும்.

பெரிய நிகழ்வும் வேண்டாம் என்றில்லை, வருடத்துக்கு ஒன்று செய்யலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் ஒரு போட்டி தொடங்கியது. மாணவர் தன் ஆய்வை மூன்றே நிமிடத்தில், ஒரேயொரு படவில்லையோடு (ஸ்லைட்), துறை தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்லவேண்டும். இன்று பல நாடுகளில் நடக்கிறது. நீங்கள் அதைத் தமிழில் நடத்துங்கள், மாணவர்களின் பெற்றோரையும் கணவன் மனைவியையும் அழையுங்கள். ‘இன்னும் முடியல்லையா’ என்று கேட்பவர்கள், என்ன நடக்கிறது என்று முதல் தடவையாகக் கேட்கட்டும்.

பொறுப்பை இப்போது விடவேண்டாம். ஆறு மாதம் இப்படி நடத்திவிட்டு, வேறு வேறு ஊர்களைச் சேர்ந்த இரண்டு பேரிடம் சேர்த்துக் கொடுங்கள். பிறகு உங்கள் அத்தியாயத்துக்குப் போங்கள். அந்த மூன்று நிமிட நிகழ்வுக்குத் திகதி வைத்தால் எழுதுங்கள். பிரதம விருந்தினராக அல்ல, கேட்பவர்களில் ஒருவனாக வந்து இருக்கிறேன்.

அன்புடன்.