அப்பத்தாவுக்கு ராத்திரியில் பாதம் எரிகிறது, என்ன செய்யலாம்?

காரைக்குடியில் இருக்கும் உங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை, படுத்தால் பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது நரம்பு பாதிப்புதான். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. முதலில் அடி வாங்குவதும் அவையே.

ஆனால் எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட வேண்டாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், சைவச் சாப்பாடு என்றால் இன்னும் வாய்ப்பு அதிகம். அந்த ரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள்.

சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. டாக்டர் நரம்பு வலிக்கான ப்ரீகாபலின், டுலாக்ஸிடின் போன்ற மருந்துகள் தரலாம். ப்ரீகாபலினில் தலைசுற்றல் வரலாம். செட்டிநாட்டு வீட்டில் நிலைப்படி, முற்றத்துப் படி எல்லாம் தாண்டித்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும், அதனால் ராத்திரி விளக்கை அணைக்காதீர்கள்.

நரம்பு கெட்டால் பாதம் எரிவதோடு மரத்தும் போகலாம். எனக்குப் பெரிய பயம் அந்த மரத்துப்போன பாதம்தான். வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் குளுகுளு என்று இருக்கும், சரி. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் அப்படியா? தோல் பொத்துப்போனாலும் அவருக்குத் தெரியாது. வெயில் ஏறுமுன் கூட்டிப் போங்கள். எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைக்க விடாதீர்கள். தினமும் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் நீங்களே பாருங்கள். சின்னப் புண் தெரிந்தாலும் மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.