இருபுறமும் காடு வராது, ஏரிக்கு ஒரே வாய்தான்

உங்கள் கற்பனை உலக வரைபடத்தில் மலைத்தொடர் வடக்கு தெற்காக, தென் அட்சரேகை 15-லிருந்து 50 வரை நீள்கிறது. இருபுறமும் அடர்காடும், சிகரத்தில் இரு கடலுக்கும் வடியும் ஓர் ஏரியும் வரைந்திருக்கிறீர்கள். மலையைத் தொடாமல் முதலில் காற்றுக்கு அம்புக்குறி போடுங்கள். 10-25 பாகையில் காற்று கிழக்கிலிருந்து, 40-55இல் மேற்கிலிருந்து. (உங்கள் கோளும் பூமி மாதிரியே சுழல்வதாக வைத்துக்கொள்கிறேன். எதிர்த்திசையில் சுழன்றால் எல்லாம் தலைகீழ்.) ஏறும் காற்று குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும், மறுபுறம் இறங்குகையில் சூடேறி வறளும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், வடக்கே அட்டகாமா பாலைவனம் மலைக்கு மேற்கேயும், தெற்கே படகோனியாவின் வறள்நிலம் கிழக்கேயும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் மழைநிழலும் (மழை எட்டாத வறண்ட பக்கம்) அப்படித்தான் நடுவழியில் பக்கம் மாற வேண்டும். 30 பாகையை ஒட்டிய பகுதியைத் தயங்காமல் வறட்சியாகவே விடலாம்.

உயரக் கணக்கு எளிது: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வடகோடி அடிவாரத்தில் ஆண்டுச் சராசரி 26 டிகிரி என்றால் 3,000 மீட்டரில் 6.5, 4,000 மீட்டரில் பூஜ்யம். வளரும் பருவச் சராசரி 6 டிகிரிக்குக் கீழே போனால் மரம் நிற்காது. ஆக, அங்கே காட்டை 3,000-லேயே நிறுத்துங்கள். பனிக்கோடு (ஆண்டு முழுதும் பனி உருகாமல் நிற்கத் தொடங்கும் உயரம்) வறண்ட பக்கத்தில் இன்னும் மேலே ஏறும், குளிர் இருந்தும் விழப் பனி இல்லாததால்.

சிகரத்து ஏரி இரு கடலுக்கும் வடிவது நிலைக்காது. நீர் வெளியேறும் இரு வாய்களில் தாழ்ந்தது அரித்து ஆழமாகும், மற்றது வற்றிவிடும். ஒன்றை அழித்துவிட்டு, கணவாய்க்கு அப்பால் தனி ஊற்றிலிருந்து இரண்டாவது ஆற்றைத் தொடங்குங்கள்.