வேகாத பருப்பு, தலைகீழான தேதி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். வயது 23. பிப்ரவரியில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். நண்பன் ஒருவனோடு பெரும்பாக்கத்தில் சின்ன வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ஆர்டர் விவரங்களை எக்செலில் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் வீட்டில் சமைக்கிறோம். அம்மா போனில் உழக்குக் கணக்கில் சொல்வார்கள், அதைத் தம்ளரில் மாற்றிச் செய்கிறேன். ஆறு விசில் விட்டும் பருப்பு வேகவில்லை. ஒருநாள் விசிலே வராமல் மூடியைச் சுற்றி ஆவி போனது. இன்னொரு நாள் பருப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சுவரெல்லாம் மஞ்சள், அடுப்பும் அணைந்துவிட்டது. அரைத்து வைத்த மாவு புளித்து வழிகிறது. போன வாரம் நான் அனுப்பிய ஃபைலில் பாதித் தேதிகள் தப்பு என்று டீம் லீட் எல்லோர் முன்னாலும் கேட்டார். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலை எக்செலில் திறந்தேன், ஒரு காலத்தை, அதாவது ஒரு நெடுவரிசையை, சரிபார்த்தேன், சேவ் செய்தேன். தேதியை நான் தொடவே இல்லை. சம்பளமும் 25,000 என்றார்கள், வருவது 21,399. வீட்டிலும் ஆபீஸிலும் தொட்டதெல்லாம் தப்பாகிறது. எனக்குக் கவனம் போதவில்லையா?

ச.

அன்புள்ள ச.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதில் எதுவும் கவனக்குறைவால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்ன கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அது அம்பாசமுத்திரத்துத் தண்ணீருக்கும் அம்மாவின் அடுப்புக்கும் அமைந்த கணக்கு. நீங்கள் கணக்கை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்கள், தண்ணீரும் அடுப்பும் அங்கேயே இருக்கின்றன. ஆபீஸ் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பருப்பு. உங்கள் ஊரில் தாமிரபரணித் தண்ணீர், உப்பு குறைவு. பெரும்பாக்கம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர், இல்லையென்றால் லாரித் தண்ணீர். இவை பெரும்பாலும் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் வெள்ளையாகப் படியும், தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூத்தது மாதிரி இருக்கும். இந்த மூன்றில் இரண்டு இருந்தால்கூட உங்கள் பருப்பு வேகாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பசையைப் பிணைத்து இறுக்கிவிடுகின்றன. அப்புறம் பத்து விசில் விட்டாலும் பருப்பு முத்து முத்தாகத்தான் நிற்கும்.

ஆகவே பருப்பைக் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். ஊறவைப்பதும் வேகவைப்பதும் கேன் தண்ணீரில் இருக்கட்டும். இரண்டு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு தாராளம். அரை மணி நேரம் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு 350 மில்லி புதிய தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் சேருங்கள். எண்ணெய் மணத்துக்காக மட்டுமில்லை, நுரையை அடக்கவும்தான். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகே சேர வேண்டும். புளிப்பும் பருப்பை இறுக்கும். இத்தனைக்கும் பிறகும் வேகவில்லை என்றால் பருப்பு பழையது. கடையை மாற்றிக் கால் கிலோ வாங்கிப் பாருங்கள்.

விசில் கணக்கை விட்டுவிடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. விசில் நேரத்தை அளக்காது. பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் நாலைந்து நிமிடத்துக்குள் ஆறு விசில் வந்து முடிந்துவிடும். அம்மாவின் அடுப்பில் அதே ஆறு விசிலுக்குக் கால் மணி நேரம் ஆகலாம். பருப்பு வேகத் தேவையானது சூடும் நேரமும். குக்கருக்குள் அழுத்தம் ஏறியதும் சூடு சுமார் 120 டிகிரிக்குப் போய்விடும், அதை அப்படியே பிடித்துவைத்தால் போதும். நடுத்தீயில் முதல் விசில் வரட்டும். உடனே சிம்மில் வைத்து, போனில் 10 நிமிடம் டைமர் வையுங்கள். அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்க வேண்டும். பருப்புக்கு வெயிட்டைத் தூக்கி ஆவி விடக்கூடாது. தூக்கினால் உள்ளே நுரை மேலெழும்பி அந்தத் துளை வழியாகவே வெளியே வரும்.

சுவர் மஞ்சளானதும் இந்த நுரையால்தான். பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நுரை, வெயிட் உட்காரும் வென்ட் குழாய்க்குள் ஏறும். அது காய்ந்து உள்ளே படிந்தால் அடுத்த முறை ஆவிக்கு வழியிருக்காது. அது ஆபத்து. கழுவும்போது மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்தக் குழாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓர் ஈர்க்குச்சியை விட்டுத் தள்ளித் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே மூடிப் பூட்டும் வகைக் குக்கர் என்றால், மூடியதும் வெயிட்டைப் போடாதீர்கள். துளையிலிருந்து ஆவி இடைவிடாமல், நேராக, சத்தத்தோடு வரும்வரை காத்திருந்து பிறகு போடுங்கள். குழாய் அடைக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மூடியைச் சுற்றி ஆவி போனால் காரணம் பெரும்பாலும் காஸ்கெட் என்கிற ரப்பர் வளையம்தான். அது தளர்ந்து நீண்டிருக்கும், அல்லது பருக்கை ஒன்று அதன் இடுக்கில் சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவி, பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் இறுகி அன்றைய சமையலுக்குத் தாங்கும். அது அன்றைக்கு மட்டும்தான். புதியது வாங்கும்போது குக்கரின் கம்பெனிப் பெயரையும் லிட்டரையும் சொல்லி அதற்குரியதையே வாங்குங்கள். முடிந்தால் மூடியைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். தினமும் சமைத்தால் வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டிவரும். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு ஒருநாள் உருகித் திறந்துகொண்டால் தண்ணீர் வற்றிவிட்டது, அல்லது குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைத்துச் சமைக்கவே கூடாது. புதிய வால்வு போட்ட பிறகுதான் அடுத்த சமையல்.

அடுப்பு அணைந்தது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் மனது நின்றது. பொங்கி வழிந்து தீ அணைந்தால் திருகு திறந்தபடி இருக்கும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். நம் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மேலே இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, பால்கனிக் கதவையோ வாசல் கதவையோ தரைவரை திறந்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் அடுப்புத் திருகையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். லைட்டையோ ஃபேனையோ எக்ஸாஸ்டையோ போடவும் வேண்டாம், ஏற்கெனவே ஓடுவதை சுவிட்சில் அணைக்கவும் வேண்டாம், சுவிட்சுக்குள் வரும் பொறி போதும். அப்படியும் வாடை நிற்கவில்லை என்றால் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள், அது கேஸ் கசிவுக்கான அவசர எண். டியூப் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா, எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்பதை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வாடகை வீட்டில் முந்தைய ஆட்கள் விட்டுப்போன டியூப் என்றால் இன்றைக்கே பாருங்கள்.

மாவுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கோடையில் மாவு ராத்திரி முழுக்க வெளியே இருக்கக்கூடாது, ஆறு மணி நேரம் போதும். நாலு தம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு தம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மிக்ஸியில் அரைத்தால் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸி சூட்டிலேயே மாவு பாதி புளிக்கத் தொடங்கிவிடும். பாத்திரத்தில் பாதிதான் மாவு இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து பதினோரு மணிக்கு வருகிறவர் என்றால் வந்ததும் வெளியே எடுத்து வைத்து, காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து உள்ளே வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் கடை மாவு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது ஆபீஸ். உங்கள் டீம் லீட் சொன்னது உண்மை, நீங்கள் தேதியைத் தொடவில்லை என்பதும் உண்மை. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். அவர்களுடைய 03/04/2025 என்பது மார்ச் 4. உங்கள் கம்ப்யூட்டர் இந்திய முறையில் அமைந்திருப்பதால், சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்த நொடியிலேயே எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டது. ஆனால் 03/17/2025 என்று வந்தால் 17-ஆம் மாதம் கிடையாதே, அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. அதனால்தான் பாதித் தேதிகள் மட்டும் தப்பு. மாதத்தின் முதல் 12 நாட்கள் தலைகீழாகிவிட்டன, 13 முதல் அப்படியே நிற்கின்றன.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்தக் காலத்தை அகலமாக இழுத்துவிட்டு உற்றுப் பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், சில இடது ஓரத்தில். வலப்பக்கம் நிற்பவை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டவை, உங்கள் ஃபைலில் தப்பானவை அவைதான். இடப்பக்கம் நிற்பவை எழுத்தாக விடப்பட்டவை. சேவ் செய்த பிறகு என்றால் பெரும்பாலும் ஒரு பகுதியில் நடுவே சிறுகோடும் இன்னொரு பகுதியில் சாய்கோடும் கலந்திருக்கும். ஒரே காலத்தில் இரண்டும் தெரிந்தால் அந்த ஃபைலை அனுப்பாதீர்கள்.

சரியான வழி இது. ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாமல் வெற்று எக்செலைத் திறங்கள். டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா. வலப்பக்கம் அப்ளைடு ஸ்டெப்ஸ் பட்டியலில் சேஞ்ச்டு டைப் என்று ஒரு படி தானாகச் சேர்ந்திருக்கும், முதலில் அதை நீக்குங்கள். நீக்காமல் மேலே போனால் பழைய தப்பு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். பிறகு தேதிக் காலத்தின் தலைப்பில் ரைட் கிளிக், சேஞ்ச் டைப், யூஸிங் லொகேல். டேட் என்பதையும் இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஆர்டர் எண் இருக்கும் காலத்தை டெக்ஸ்ட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் 00457 வெறும் 457 ஆகிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகும். அதன் பிறகு குளோஸ் அண்டு லோடு.

கெட்டுப்போன ஃபைலைக் கையால் திருத்த உட்காராதீர்கள். மெயிலில் வந்த மூல ஃபைலை மறுபடி இறக்கி, அதிலிருந்து தொடங்குங்கள். மூலத்தின் மேல் எப்போதும் சேவ் செய்யாதீர்கள். உங்கள் பிரதிக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள், ஃபோல்டரில் தானாக வரிசையாக நிற்கும். அனுப்பும் முன் இரண்டு சோதனை போதும்: வந்த வரிகளின் எண்ணிக்கையும் போகும் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றா, ஃபில்டரில் மிகப் பழைய தேதியும் மிகப் புதிய தேதியும் என்ன. ஏப்ரலில் அனுப்பும் ஃபைலில் டிசம்பர் தேதி வந்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

டீம் லீடுக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை என்றால் இன்றே எழுதுங்கள். மன்னிப்பு ஒரு வரி போதும். என்ன தப்பு, எத்தனை வரிகள், ஏன் வந்தது, திருத்திய ஃபைல் எத்தனை மணிக்கு வரும் என்பதே அவருக்குத் தேவை. உங்களுக்கு முன்னால் அனுப்பியவர்களின் ஃபைல்களிலும் இதே தப்பு இருக்கலாம் என்பதால், காரணத்தைச் சொல்வது டீமுக்கே உதவி.

சம்பளத்தில் யாரும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. 25,000 என்றது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வைத்துப் பார்த்தேன். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,500. பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 601. மீதி 22,899. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,500 போனால் 21,399. ரூபாய் பிசகாமல் வருகிறது. சம்பளச் சீட்டில் இதே எண்கள் இருக்கின்றனவா என்று ஒத்துப்பாருங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள், அந்த மாதம் இன்னும் குறையும். சீட்டில் இருக்கும் 12 இலக்க யுஏஎன் எண்ணை, அதாவது உங்கள் பிஎஃப் எண்ணை, கொண்டு பிஎஃப் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று விட்டுப்போனது. உழக்கைத் தம்ளருக்கு மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு தம்ளர் வேறு, உழக்கிலும் அம்மா தலைதட்டி அளக்கிறார்களா, கும்பாரமாக அளக்கிறார்களா என்பது போனில் தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அந்த உழக்கையே கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.