மகள் டிராமா படிக்கட்டுமா என்று கேட்ட தங்கைக்கு

தங்கச்சி, பர்மிங்ஹாம் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, மகள் இயர் நைன் படிக்கிறாள், ஜி.சி.எஸ்.ஈ.க்கு, அதாவது 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வுக்கு, டிராமா எடுத்தே தீருவேன் என்று நிற்கிறாள், வீட்டுக்காரர் மூன்று நாளாக அவளோடு பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாடகம் படித்தால் இந்த நாட்டில் பிழைக்க முடியுமா, நம் நிறத்துக்கு யார் வேஷம் கொடுப்பார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் உங்களைப் போல நர்ஸாக வந்தவள்தான். மதுரையிலிருந்து வந்து வுல்வர்ஹாம்ப்டனில் 22 வருடம் ஓடிவிட்டது.

முதலில், விருப்பப் பாடங்களைக் குறித்துக் கொடுக்கும் அந்த ஆப்ஷன் படிவம். பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். டிராமா அதற்கு மேல் எடுக்கும் பாடங்களில் ஒன்று, அவ்வளவுதான். நாளைக்கே மனசு மாறி மருத்துவம் படிக்கிறேன் என்றாலும், அங்கே முக்கியமாக ஏ லெவலில் (நம் ப்ளஸ் டூ மாதிரி) கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்தாளா என்று பார்ப்பார்கள். 14 வயதில் டிராமா எடுத்ததால் எந்தக் கதவும் மூடிவிடாது.

இப்போது நிறத்தைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். மீரா சியால் என்ற பெயரை இன்னும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நடிகை, நாடகம் எழுதுபவர், நாவலாசிரியர். 1961-இல் இதே வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். அப்பா அம்மா பஞ்சாபிகள். வளர்ந்த எஸ்சிங்டன் கிராமம் என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். அப்போது அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். அந்த ஊரிலேயே ஒரே இந்தியக் குடும்பம் அவர்களுடையது. அவருக்கு ஏழு வயது நிறைவதற்கு முன், 1968 ஏப்ரலில், வுல்வர்ஹாம்ப்டன் எம்.பி. ஈனக் பவல் பர்மிங்ஹாமில் மேடையேறி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் இந்த நாடே நாசமாகும் என்று பேசினார். என் வார்டில் இருந்த வயதான பஞ்சாபி அம்மாக்கள் பலர் அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில், அந்த ஊரில் ஒரு இந்தியப் பெண் குழந்தை நடிகையாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் நடிப்புப் பள்ளிக்குப் போகவில்லை. வால்சாலில் பள்ளிப் படிப்பு, அப்புறம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் நாடகமும். முதல் வகுப்பில் தேறினார். மேற்படிப்பு, அதன்பின் ஆசிரியர் பயிற்சி என்று நம் வீடுகளில் போடுவதைப் போலவே ஒரு திட்டமும் இருந்தது. ஆனால் கடைசி வருடத்தில் ஒரு தோழியோடு சேர்ந்து 'ஒன் ஆஃப் அஸ்' என்று ஒரு நாடகம் எழுதினார். நடிகையாக வேண்டும் என்று வெஸ்ட் பிராம்விச்சில் வீட்டை விட்டு ஓடிப்போகும் ஒரு இந்தியப் பெண்ணின் கதை. அதில் வரும் எல்லாப் பாத்திரங்களையும் அவர் ஒருவரே நடித்தார். மாணவர் நாடக விருது கிடைத்தது, எடின்பரோ கலை விழாவுக்கும் போனது. அதைப் பார்த்துத்தான் லண்டனில் இருக்கும் ராயல் கோர்ட் தியேட்டர் அவரை அழைத்தது. ஆசிரியர் பயிற்சித் திட்டம் அதோடு நின்றுபோனது.

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. யாரும் அவருக்கு வேஷம் கொடுக்கவில்லை, அவரே எழுதிக்கொண்டார். அன்றைக்கு நம் முகத்துக்கு டி.வி.யில் இருந்ததெல்லாம் மூலைக்கடைக்காரர் மனைவி, கட்டாயக் கல்யாணத்துக்கு அழும் பெண், இப்படித்தான். 1993-இல் அவர் எழுதிய 'பாஜி ஆன் த பீச்' படத்தில், பர்மிங்ஹாமிலிருந்து வேனில் ஏறி பிளாக்பூல் கடற்கரைக்கு ஒரு நாள் சுற்றுலா போகும் பெண்கள்தான் கதை முழுக்க. குரிந்தர் சத்தா இயக்கியது. அப்புறம் மூன்று நண்பர்களோடு சேர்ந்து 'குட்னஸ் கிரேஷியஸ் மி' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி, முதலில் ரேடியோவில், 1998-இலிருந்து பி.பி.சி. டி.வி.யில். அதில் ஒரு காட்சியில், பம்பாயில் இருக்கும் இந்தியர்கள் கூட்டமாகப் போய் ஓர் இங்கிலீஷ் ஹோட்டலில் உட்கார்ந்து, இருப்பதிலேயே காரம் இல்லாத சாப்பாடு கொடு என்று கலாட்டா செய்வார்கள். இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி கறி ஹவுஸ் எனும் இந்திய ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் காரமான சாப்பாடு கேட்டுச் செய்யும் கலாட்டாவை அப்படியே திருப்பிப் போட்டது. பின்னாளில் அதைப் பார்த்து, என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்கார நர்ஸ்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது.

நான் அவர் பெயரை முதலில் பார்த்தது ரஹ்மானால்தான். வந்த புதிதில் நாங்கள் ஆறு நர்ஸ்கள் கோச் பிடித்து லண்டன் அப்போலோ விக்டோரியா தியேட்டரில் 'பாம்பே ட்ரீம்ஸ்' என்ற இசை நாடகம் பார்க்கப் போனோம். முதல்வன் படத்தின் 'ஷகலக பேபி' பாட்டை அந்த மேடையில் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் இருந்த புத்தகத்தில், இசை ஏ.ஆர். ரஹ்மான் என்பதோடு கதை வசனம் மீரா சியால் என்று இருந்தது. அப்போது அது யாரென்றே எனக்குத் தெரியாது.

அப்புறம் என் மகள் பள்ளியில் 'அனிதா அண்ட் மி' நாவல் படித்தாள். எஸ்சிங்டனில் வளர்ந்த கதையை வைத்து மீரா 1996-இல் எழுதியது. ஜி.சி.எஸ்.ஈ. பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். "அம்மா, இது நம்ம ஊர்மா" என்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். அடுத்த மாதம் டிராமா எடுக்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் அதே காரணங்களைத்தான் நானும் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது ஃபார்மசிஸ்ட். நல்ல வேலை, நல்ல சம்பளம். இரண்டு வருடமாக வியாழக்கிழமை மாலைகளில் ஒரு அமெச்சூர் குழுவோடு நடிக்கிறாள். முதல் தடவை அவளை மேடையில் பார்த்தபோது அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

வருமானம் பற்றி மறைக்க மாட்டேன். நடிப்பை மட்டும் நம்பினால் மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருக்க நேரும். அதனால்தான் மீரா போன வழி நம் குடும்பங்களுக்கு ஒத்துவரும் என்கிறேன். ஏ லெவலில் ஆங்கிலத்தோடு டிராமா, அப்புறம் பல்கலைக்கழகத்தில் இரண்டும் சேர்ந்த பட்டம். ஆனால் படிப்பு தொடங்கும் நாளில் அவளுக்கு ஐ.எல்.ஆர். (இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இல்லையென்றால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள், அரசுக் கடனும் கிடைக்காது. அவள் 18 வயதில் சேரும்போது அந்த அனுமதி கைக்கு வந்திருக்குமா என்பது இழுபறியாகத்தான் இருக்கும். அது கிடைக்கும்வரை தள்ளிச் சேர்ந்தால் பெரிய தொகை மிச்சமாகலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தச் சமயத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவள் எழுதுவாளா? நோட்டின் பின்பக்கத்தில் வசனம், வீட்டுக்கு வந்தவர்களைப் போலப் பேசிக் காட்டுவது, அப்படி ஏதாவது உண்டா? உண்டென்றால் அதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். தெற்காசியப் பெண்கள் எழுதும் நாடகங்களுக்காகவே காளி தியேட்டர் என்று ஒரு குழு முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. பர்மிங்ஹாம் ரெப் தியேட்டர் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு நாடகத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள்.

2023-இல் மீரா சியாலுக்கு பாஃப்டா ஃபெலோஷிப் கொடுத்தார்கள், இங்கே சினிமா, டி.வி. துறையின் மிகப் பெரிய மரியாதை. அன்று இரவு என் மகள் போன் செய்து, "பார்த்தீங்களாம்மா" என்று மட்டும் கேட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இருப்பாள். உங்கள் மகளை அழைத்து வாருங்கள், இரண்டு பேரும் பேசட்டும். வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள், மதியச் சாப்பாடு இங்கேதான்.