வாசகர் கேள்வி பதில்: வீட்டில் பிளாஸ்மா டி.வி.

கேள்வி: வெளிநாட்டுக்குக் குடிபெயரும் என் அண்ணன், தன் 42 அங்குல பிளாஸ்மா டி.வி.யை எங்களுக்குத் தந்திருக்கிறார். சென்னையிலிருந்து அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சுவரில் மாட்ட என்ன செய்ய வேண்டும்? (வாசகி, மதுரை)

பதில்: வண்டியில் ஏற்றும்போது அதைப் படுக்கவைக்கக் கூடாது என்பதே முதல் விதி. முன்புறம் முழுவதும் கண்ணாடித் தகடுகளாக இருப்பதால், படுத்த நிலையில் வண்டி குலுங்கினால் நடுப்பகுதி வளைந்து விரிசல் விட வாய்ப்புண்டு. நிமிர்த்தி வைத்து, இருபுறமும் மெத்தையோ போர்வையோ அணைகொடுத்துக் கட்டிவிடுங்கள். அந்த அளவு டி.வி. ஏறத்தாழ 25 முதல் 35 கிலோ வரை எடையுள்ளது. இருவர் இல்லாமல் தூக்காதீர்கள்.

இன்றைய மெலிந்த எல்.இ.டி. டி.வி.க்கு விற்கும், சுவரில் மாட்டும் சட்டம் இந்த எடையைத் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. சட்டத்தில் குறித்துள்ள எடை வரம்பையும், டி.வி.யின் பின்புறத் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து பார்த்த பிறகே வாங்குங்கள். செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருக்க வேண்டும். ஜிப்சம் பலகைத் தடுப்பில் மாட்டவே வேண்டாம். மேலேயும் பக்கங்களிலும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் மேல் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தால், அடுப்பை அணைத்துக் கால்மணி நேரமான தோசைக்கல் போலச் சுடும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் பகலில் படத்தைவிட ஜன்னல்தான் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: என் மாமியார் காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனலைப் பார்க்கிறார். இப்போது சேனலை மாற்றினாலும் அந்தச் சேனலின் சின்னமும், கீழே ஓடும் செய்திப் பட்டையும் நிழல்போலத் தெரிகின்றன. சரிசெய்ய முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பிளாஸ்மா திரையில் இலட்சக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அவற்றில் அடைபட்டிருக்கும் நியான், செனான் வாயுக்கள் மின்சாரம் பாயும்போது புற ஊதாக் கதிரை வெளியிட, அந்தக் கதிர் பட்டு, அறையின் உட்பூச்சான பாஸ்பர் சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் ஒளிர்கிறது. பாஸ்பர் ஒளிர ஒளிரத் தேயும் பொருள். சின்னம் இருக்கும் இடம் நாள் முழுவதும் பளிச்சென்று எரிந்ததால், அந்த இடம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. நீங்கள் காண்பது அந்த வேறுபாட்டைத்தான்.

ஆனாலும் எல்லா நிழலும் நிரந்தரமல்ல. சில மணி நேரத்தில் தானாக மறையும் தற்காலிக நிழலும் உண்டு. முதலில் படத் தேர்வை 'டைனமிக்' அல்லது 'விவிட்' என்ற நிலையிலிருந்து 'சினிமா' நிலைக்கு மாற்றி, கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். பிறகு திரை முழுவதும் நிறைந்து அசையும் காட்சிகளைச் சில நாட்கள் ஓடவிடுங்கள். பல மாடல்களின் மெனுவில், வெள்ளைப் பட்டை ஒன்று திரையின் குறுக்கே நகர்ந்துகொண்டே இருக்கும் வசதி உண்டு, அதையும் பயன்படுத்தலாம். படத்தைச் சில புள்ளிகள் அளவு அவ்வப்போது நகர்த்தும் 'ஆர்பிட்டர்' வசதி இருந்தால் அது எப்போதும் இயங்கட்டும். இவற்றுக்குப் பிறகும் நிற்கும் நிழல், தேய்மானம். அதைத் துடைத்தெடுக்கும் மருந்து கிடையாது.

பழைய படங்களைச் சதுர வடிவில் பார்க்கும்போது இருபுறமும் வரும் கறுப்புப் பட்டைகளும் இதே தொல்லையைத் தரும். நடுப்பகுதி தேய, ஓரங்கள் புதிதாகவே நின்றுவிடும். மெனுவில் பட்டையைச் சாம்பல் நிறமாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். மாமியாரைச் செய்தி பார்க்க வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. இடையிடையே ஒரு சீரியல் ஓடினால் திரைக்கு நல்லது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கோவையில் சத்தமின்றி ஓடிய டி.வி., ஊட்டிக்கு வந்தபின் 'ஙொய்' என்று இரைகிறது. பழுதா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: பெரும்பாலும் பழுதல்ல, உயரம்தான் காரணம். பிளாஸ்மா திரையின் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே உள்ள வாயு, வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளது. வெளிக்காற்று அழுத்துவதால் தகடுகள் ஒன்றோடொன்று இறுகி நிற்கின்றன. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உங்கள் ஊரில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல் என்பதால், பிடி தளர்ந்து தகடுகள் அதிர்கின்றன. வெள்ளைக் காட்சி வரும்போது இரைச்சல் கூடி, இருண்ட காட்சியில் அடங்கினால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம். கான்ட்ராஸ்டைக் குறைத்தால் இரைச்சல் தணியும். கையேட்டில் இயக்க உயர வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். ஊரின் உயரம் அதைத் தாண்டினால் டி.வி.யைக் கீழே உள்ள உறவினர் யாருக்காவது கொடுத்துவிடுவது உத்தமம்.

கேள்வி: படம் மங்கிவிட்டது. 'கேஸ்' தீர்ந்துவிட்டது, நிரப்பித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். நிரப்பலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்கு நிரப்புவதுபோல இதற்கு நிரப்ப முடியாது. ஆலையிலேயே நிரந்தரமாக அடைக்கப்பட்ட வாயு அது. வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். பின் மூடியை நீங்களே கழற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேள்வி: பிளாஸ்மாவை வைத்துக்கொள்வதா, எல்.இ.டி.க்கு மாறுவதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பானாசோனிக் 2013 இறுதியிலும், சாம்சங், எல்.ஜி. ஆகியவை 2014-லும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டன. ஆகவே திரையே போனால் மாற்றுத் திரை கிடைப்பது அரிது. 250 வாட்ஸ் இழுக்கும் டி.வி. தினமும் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். 80 வாட்ஸ் எல்.இ.டி.க்கு 24 யூனிட் போதும். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால் பங்கை பிளாஸ்மா ஒன்றே தின்றுவிடும். ஆனால் இருட்டறையில் பழைய படம் பார்க்கும்போது, அதன் ஆழ்ந்த கறுப்பும் வேகமாக அசையும் காட்சியின் தெளிவும் மலிவான எல்.இ.டி.யில் கிடைப்பதில்லை. நான் என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவுப் படத்துக்கு மட்டும் போடுகிறேன். செய்திக்கும் சீரியலுக்கும் சிறிய எல்.இ.டி. ஒன்று இருக்கிறது. பெரிய பழுது வந்தால் பணம் செலவழிக்காமல், அங்கீகரிக்கப்பட்ட மின்னணுக் கழிவு மையத்தில் ஒப்படைத்துவிடுவேன்.